இல்லத்தில் ஒளி, இளைஞர் கையில் தொழில்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பொதுநிலையினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் குழுவினர் என்னிடம் வந்து, ஓர் உரை ஆற்ற வேண்டும் என்று கேட்டபோது நான் தயங்கினேன். நான் மறைநூல் கற்றவன் அல்லன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சாரத் தொழில் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். டெஸ்டர் பிடித்துப் பழகிய கைக்கு மைக் பிடிக்க வராது என்றேன். பங்குத்தந்தை அவர்கள் சிரித்துக்கொண்டே, "உமக்குத் தெரிந்ததைப் பேசும், அது போதும்" என்றார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த கரண்டைப் பற்றியே பேசப் போகிறேன். ஷாக் அடிக்காமல் பேச முயல்கிறேன்!

நாம் வாழும் இந்த ஊருக்கு மந்தைவெளி என்று பெயர். மயிலாப்பூரின் ஆடுமாடுகள் மந்தையாக வந்து மேய்ந்த வெளி இது என்பார்கள் பெரியவர்கள். இன்று மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. செயின்ட் மேரீஸ் சாலையில் நின்று நாலாபுறமும் பார்த்தால் மாடிக்கு மேல் மாடிதான் தெரிகிறது. ஆனால் மேய்ப்பனின் வேலை மட்டும் தீர்ந்துவிடவில்லை. மந்தை இப்போது மாடிப்படிகளில் குடியிருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

நம் பங்கு மக்களில் ஒரு பகுதியினர் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஒரு பகுதியினர் ஒரே கூரையின் கீழ் நான்கைந்து குடித்தனங்கள் உள்ள போர்ஷன் வீடுகளில் வாடகைக்கு இருக்கிறோம். இன்னொரு பகுதியினர் கால்வாய்க் கரையிலும் கடலோரத்திலும் எழுந்த அரசு அடுக்குக் குடியிருப்புகளில் இருக்கிறோம். 1970-ஆம் ஆண்டில் கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண வேண்டும் என்ற கருத்தையே அந்த வாரியம் தன் முத்திரை மொழியாகக் கொண்டது. இது நம் கோயிலில் எழுதி வைக்கத் தக்க கருத்தல்லவா? அந்த வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. மக்கள் வாயில் இன்றும் அது ஹவுசிங் போர்டுதான்.

குடிசைக்குப் பதில் காரை வீடு வந்தது நல்ல காரியம். தீப்பிடிக்கும் பயம் குறைந்தது. மழைக்கு ஒழுகுவது குறைந்தது. ஆனால் வீடு மாறியதோடு செலவும் மாறியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குடிசையில் எரிந்தது ஒரே குண்டு பல்பு. அடுக்கு வீட்டிலோ ஃபேன் இல்லாமல் ஒரு நிமிடம் இருக்க முடியாது. மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள வீட்டில் பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் இரவு பன்னிரண்டு மணி வரை சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் சுற்றும், சூடான காற்றுதான் வரும். கரண்ட் பில்லும் அதனோடு சேர்ந்து வரும்.

நிற்க. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித்தான் என் பேச்சின் மையத்துக்கு வர வேண்டும். சொல்வதற்குச் சற்று வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு விதவைத் தாய்க்கு உதவி வந்தோம். எந்தக் குடியிருப்பு, எந்தப் பிளாக் என்று கேட்காதீர்கள். மகனை இழந்து, பேரனை வளர்த்து வந்த அம்மா அவர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். அவரால் கட்ட முடியாது. நாங்கள் நால்வரும் பங்கு போட்டுக் கட்டிவிடுவோம். ஏறத்தாழ இரண்டு வருடம் கட்டினோம். நல்ல காரியம் செய்கிறோம் என்று எங்களுக்குள் ஒரு மன நிறைவும் இருந்தது.

ஒரு நாள் மாலை பில்லை வாங்கப் போயிருந்தேன். சித்திரை மாதப் புழுக்கம். அந்த அம்மா ஃபேனை நிறுத்திவிட்டு, மூச்சு இழுப்பு உள்ள பேரனுக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். "ஏன்மா ஃபேனைப் போடலாமே?" என்றேன். "நீங்கள் எல்லாரும் கட்டுகிற காசாச்சே ஐயா, எப்படிப் போட மனசு வரும்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில் மேல் மாடியிலிருந்து ஒரு பையன் இறங்கி வந்தான். என்னிடம் எலெக்ட்ரீஷியன் தொழில் படித்தவன். வேலை சரியாக அமையாமல், மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். "சார், பாட்டி வீட்டு மீட்டரைப் பார்த்தீர்களா? எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் ஓடுகிறதே!" என்றான். முப்பது ஆண்டு மின்சாரம் கற்பித்தவன் நான். இரண்டு ஆண்டு பில் கட்டியவன் நான். ஒரு நாளும் கீழே குனிந்து அந்த மீட்டரைப் பார்த்ததில்லை.

இருவரும் போய்ப் பார்த்தோம். மெயின் சுவிட்சை இறக்கினோம். மீட்டரிலிருந்து புறப்பட்ட ஒரு வயர் சுவரோடு சுவராகக் கீழே ஓடியது. அது போய்ச் சேர்ந்த இடம் தண்ணீர் மோட்டார்! என்றோ ஒரு நாள் மோட்டாருக்குரிய இணைப்பு பழுதாகியிருக்கிறது. தற்காலிகமாக யாரோ அந்த அம்மா வீட்டிலிருந்து லைன் கொடுத்திருக்கிறார்கள். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்றால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். பன்னிரண்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் செலவு ஓர் ஏழை விதவையின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்குத்தான் நாங்கள் நால்வரும் தர்மம் செய்துகொண்டிருந்தோம். அந்த அம்மாவோ பேரனுக்கு ஃபேன் போடப் பயந்து இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. மாடிப்படியில் பன்னிரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசினோம். பலருக்கு விஷயமே தெரியாது. மோட்டாருக்குத் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்து, செலவைப் பன்னிரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பையன் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரையும் மாற்றிக் கொடுத்தான். அடுத்த பில் நானூறு ரூபாய்க்குள் வந்தது. அதை அந்த அம்மா தன் காசிலேயே கட்டினார். இரவில் ஃபேனும் சுற்றியது.

அன்பர்களே, பழைய ஏற்பாட்டில் அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவையின் வரலாறு உண்டு. கடன்காரன் வந்து அவள் பிள்ளைகளைப் பிடித்துப் போக இருந்தான். அவள் இறைவாக்கினர் எலிசாவிடம் வந்து அழுதாள். எலிசா உடனே பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டார். அவளிடம் ஒரு கலயம் எண்ணெய் இருந்தது. பிறகு அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வரச் சொன்னார். அந்த எண்ணெய் பெருகியது. விற்றுக் கடனை அடைத்தாள். மீதியில் குடும்பம் பிழைத்தது. இந்த வரலாற்றை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எலிசா கேட்ட அந்த முதல் கேள்வியின் அருமை அந்த மாடிப்படியில்தான் எனக்கு விளங்கியது. நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்திருந்தால் மீட்டர் இருந்தது, மோட்டார் வயர் இருந்தது, மேல் மாடியில் தொழில் தெரிந்த ஒரு பையனும் இருந்தான்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். ஏழை வீட்டின் கரண்ட் செலவைக் குறைக்க நல்ல யோசனை வேண்டும். அந்த யோசனையை அதே மாடிப்படியில் வசிக்கும், தொழில் தெரிந்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் இளைஞனுக்கும் பெண்ணுக்கும் அதுவே ஒரு பிழைப்பாக அமைய வேண்டும். இதை நம் பங்கு செய்ய முடியும்.

முதலில் யோசனையைச் சொல்கிறேன். தாய்மார்கள் கவனித்துக் கேளுங்கள்.

பழைய மாதிரி சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 72 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். அதற்கு ஆகும் செலவு 29 யூனிட். ஒரு ஃபேனில் மட்டும் 43 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான். ஆனால் பகலிரவாக ஓடும் ஒரு ஃபேனை மட்டும் முதலில் மாற்றினால் போதும். மற்றதைப் பிறகு பார்க்கலாம். 2023 முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டது. கடையில் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பூஜை அறையிலோ குளியலறையிலோ இன்னும் 60 வாட் குண்டு பல்பு எரிகிறதா? ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடுங்கள். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறதா? ரப்பர் தேய்ந்துவிட்டது. குளிர் வெளியே போகிறது, பணமும் கூடவே போகிறது. ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். சூடு ஆறாத சாம்பாரை உள்ளே வைக்காதீர்கள்.

இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட். தினம் ஒரு சட்டைக்காகச் சூடேற்றுவதைவிட வாரத்துக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்ப்பது லாபம். வெந்நீருக்கு வாளியில் போடும் ஹீட்டர் கம்பி 1500 வாட். இருபது நிமிடத்தில் அரை யூனிட். ஏ.சி. வைத்திருப்பவர்கள் 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்துக்கொள்ளாதீர்கள். 24-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகப் போடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அலுவலகம் கணக்கிட்டிருக்கிறது.

அடுத்து, கட்டணத்தின் படிக்கட்டு. 2016 மே மாதத்தில் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தது நினைவிருக்கும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1725 ரூபாய். 510 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 2030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் எப்படி வந்தது? ஐந்நூறைத் தாண்டியதும் கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலை போய்விடுகிறது. ரூபாய்க் கணக்கு அவ்வப்போது மாறும். ஆனால் படிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருப்பவர் தடுக்கி விழ மாட்டார். ரீடிங் எடுக்க ஆள் வரும் வரை காத்திராமல், மாதம் இரு முறை நீங்களே மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இந்த இடத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களான அன்பர்களிடம் கைகூப்பி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போர்ஷன் வீடுகளில் குடித்தனக்காரருக்குத் தனி மீட்டர் இல்லாமல், உள் மீட்டர் ஒன்றை மாட்டி, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குவது இந்தச் சென்னையில் எங்கும் உள்ள வழக்கம். அரசு தந்த இலவச யூனிட்டும் குறைந்த கட்டணமும் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை. அந்த வீட்டுத் தாய் என்னதான் சிக்கனம் செய்தாலும் பயன் பாதிதான். முடிந்தவர்கள் குடித்தனக்காரருக்குத் தனி இணைப்பு வாங்க வழி செய்யுங்கள். முடியாதவர்கள் பில்லில் உள்ளபடி பங்கிட்டு வாங்குங்கள். ஆலயத்தில் போடும் காணிக்கைக்குக் குறையாத காணிக்கை அது.

சிக்கனத்தைவிடப் பெரியது பாதுகாப்பு. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஃபியூஸ் போவது நம்மைக் காப்பாற்றத்தான். கம்பியைத் தடிப்பாக்கினால் ஃபியூஸ் போகாது, வீடு போகும். ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் சரியில்லை. அன்றே பார்க்க வேண்டும். கசிவு வந்தால் நொடியில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் நம் தெருக்களுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டோம். தரைத்தளத்தில் மீட்டர் பெட்டி உள்ள பிளாக்குகளில் வெள்ளம் வரும்போது யார் ஓடிப்போய் மெயினை இறக்குவது என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

இவ்வளவு யோசனைகளையும் ஒரு நோட்டீஸில் அச்சடித்துக் கோயில் வாசலில் கொடுத்துவிடலாம். எத்தனை பேர் படிப்பார்கள்? படித்தாலும் யார் ஃப்ரிட்ஜின் ரப்பரை மாற்றுவார்கள்? ஆகவேதான் ஆள் வேண்டும் என்கிறேன்.

இது புதிய எண்ணம் அன்று. குஜராத்தில் எலா பட் அம்மையார் 1972-இல் சேவா என்ற உழைக்கும் பெண்கள் சங்கத்தை நிறுவினார். அதிலிருந்து 1994-இல் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு பிறந்தது. அகமதாபாத் நகரின் எளிய குடியிருப்புகளில் வசிக்கும் பெண்களுக்கே அந்த அமைப்பு பயிற்சி கொடுத்து, எரிசக்திக் கணக்காளர்களாக ஆக்கியது. அந்தப் பெண்கள் தங்கள் அண்டை வீடுகளுக்குப் போகிறார்கள். பில்லை வாங்கிப் பார்க்கிறார்கள். எந்தச் சாதனம் அதிகம் இழுக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். சூடு இறங்கும் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசவும் செய்திருக்கிறார்கள். ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972-இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி, எழுத்தறியாத கிராமத்துத் தாய்மாரையும் சூரிய விளக்குத் தொழில்நுட்பம் அறிந்தவர்களாக ஆக்கியது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து கற்றுப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வயரின் நிறத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்றால், பிளஸ் டூ படித்த நம் பிள்ளைகளால் ஏன் முடியாது?

நம் தமிழகத்தையும் பாருங்கள். 2011-இல் முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியது. கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடும், அதில் ஐந்து சூரிய விளக்குகளும் அரசு செலவில் கட்டிக் கொடுப்பது திட்டம். இந்தியாவில் முன்னோடியான நல்ல முயற்சி. ஆனால் சூரிய விளக்குக்கு ஒரு பேட்டரி உண்டு. அதற்கு ஆயுள் சில ஆண்டுகளே. அதைப் பார்த்துப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊரிலேயே இருந்தால் விளக்கு எரியும். இல்லாவிட்டால் அது சுவரில் மாட்டிய அலங்காரப் பொருள்தான். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் தனக்கென்று 350 கிலோவாட் காற்றாலையே நிறுவி மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. ஒரு கிராமம் மனம் வைத்தால் அவ்வளவு முடியும்.

தொழில் என்று சொன்னேன். அதற்குரிய வாய்ப்பும் வளர்ந்திருக்கிறது. சூரிய மின்தகடு பொருத்துவோரை உருவாக்கச் சூர்யமித்ரா என்ற 600 மணி நேரப் பயிற்சியை மத்திய அரசு 2015-இல் தொடங்கியது. ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் படித்தவர்கள் அதில் சேரலாம் என்று வகுத்தார்கள். 2024 பிப்ரவரியில், ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்சாரம் என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் என்றார்கள். அத்தனை கூரைகளிலும் ஏறி வேலை செய்யக் கை தேர்ந்த ஆட்கள் வேண்டாமா? நான் சொன்ன அந்தப் பையன் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறான்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அடுக்குக் குடியிருப்பில் மொட்டை மாடி ஒருவருக்குச் சொந்தமன்று. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி இடம் வேண்டும். பன்னிரண்டு வீட்டாரும் ஒரே மாடியில் ஆளுக்கொரு தகடு வைக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து, உரிய அனுமதி பெற்று, மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொதுவாக வைக்கலாம். சேர்ந்து பேசும் பழக்கம் இல்லாத பிளாக்கில் சூரியன் இருந்தும் பயனில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்க நம் அன்பியங்களைவிடத் தகுந்தது எது?

திருச்சபையும் இதில் நமக்கு வழி காட்டியிருக்கிறது. 2008-இல் வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் ஏறத்தாழ 2400 சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களும் அன்பிலிருந்து பிறந்தால் வீண்போகா என்று அதில் நமக்கு நினைவூட்டினார். ஏழைகளின் அழுகுரலும் பூமியின் அழுகுரலும் வேறு வேறல்ல என்பதும் அம்மடலின் போதனை. விசிறியால் வீசிக்கொண்டிருந்த அந்த அம்மாவை நினைக்கும்போது எனக்கு அது புரிகிறது.

இனி, பொன்விழா ஆண்டில் நாம் என்ன செய்யலாம்? பங்குத்தந்தை அவர்களின் முன்னிலையில் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது: ஒவ்வோர் அன்பியமும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் வேலை தேடும் இளைஞர், ஒருவர் இல்லத்தரசி. சனிக்கிழமை மாலைகளில் பங்கு மண்டபத்தில் எட்டு வாரம் பயிற்சி. நானும் என் பழைய மாணவர்களும் சம்பளம் இல்லாமல் கற்பிப்போம். மீட்டர் படிக்க, பில் கணக்குப் போட, எர்த் சோதிக்க, ஆபத்தைக் கண்டுபிடிக்க இது போதும். வயரிங் வேலையில் கை வைக்க இது போதாது. அதற்கு முறையாகப் படித்தே ஆக வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளைகளை ஐ.டி.ஐ.-யிலும் சூரியத் தொழில் பயிற்சியிலும் சேர்த்துவிடுவது நம் கடமை.

இரண்டாவது: பொன்விழா நிதியிலிருந்து ஒரு கருவிப் பெட்டி வாங்குவோம். டெஸ்டர், மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் வாட் மீட்டர். பட்டாசுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே ஆகும். நம் கோயில் திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட்டின் கணக்கையும் அந்த மீட்டரிலேயே முதலில் பார்த்துவிடலாம்!

மூன்றாவது: பார்த்து யோசனை சொல்வது இலவசம்; பழுது பார்த்தால் கூலி. இது கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் பிள்ளைதானே என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டால் அவன் நாளைக்கு மீண்டும் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவான். கட்ட முடியாத ஏழைக்கு ஆகும் கூலியைப் பங்கின் உதவி நிதி கொடுக்கட்டும்.

நான்காவதைச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. கால்வாய்க் கரையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் போய்விட்டன. பெரும்பாக்கம் இங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அங்கே எட்டு மாடிக் கட்டடங்கள். கரண்ட் இல்லையென்றால் லிஃப்ட் இல்லை; முழங்கால் வலி உள்ள பாட்டி அன்றைக்கு மாதா கோயிலுக்கும் போக முடியாது, ரேஷன் கடைக்கும் போக முடியாது. திருவிழா என்றால் அந்தக் குடும்பங்கள் இரண்டு பஸ் மாறி நம் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பெயர் நம் பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் பெற்றோரின் ஞானஸ்நானம் நம் பதிவேட்டில்தான் இருக்கிறது. அவர்களிலிருந்தும் இருவரை நம் பயிற்சிக்கு அழைப்போம். பஸ் கட்டணத்தை நாம் கொடுப்போம்.

அன்பர்களே, எலிசா அந்த விதவையிடம் பாத்திரங்களை எங்கே வாங்கி வரச் சொன்னார்? அக்கம்பக்கத்தில். பாத்திரம் இருந்தவரை எண்ணெய் பெருகியது. பாத்திரம் தீர்ந்ததும் நின்றது. நம் பங்கில் எண்ணெய்க்குக் குறைவில்லை. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அனுபவமுள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். அண்டை வீட்டார் கொண்டு வரும் பாத்திரந்தான் வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் எடுத்துவிட்டு, மீட்டரைப் போய்ப் பாருங்கள். அது நின்றிருந்தால் இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, அவர்களுடைய மீட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

 நம் ஆண்டவராகிய கிறிஸ்து நம் இல்லங்களில் ஒளியாக என்றும் தங்குவாராக.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!